ஆறு வயதுக்கு முன் ஓர் அமானிதம்



விருத்தாசலம் என்றதும் வெளியூராருக்கு இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று ரயில் சந்திப்பு, மற்றொன்று பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது உடன் கிடைக்கும் களிமண்ணை நம்பி இங்கே ஒரு பீங்கான் தொழிற்பேட்டையே எழுந்தது. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுத் தொழில்நுட்பப் பயிலகமும் இவ்வூரிலேயே அமைந்தது. பொம்மைகளும் ஜாடிகளும் அகல் விளக்குகளும் மின்சாரக் கட்டைகளும் இவ்வூர்ப் பெண்களின் கைபட்டு உருவாகி ஊர் ஊராகச் சென்றன.

அத்தொழிலில் இருப்போர் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. அச்சிலிருந்து எடுத்த பொம்மை பச்சையாக இருக்கும்வரை அதன் பிசிறை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். கோணிய கையை விரல் நுனியால் நிமிர்த்திவிடலாம். சூளைக்குள் போய்வந்த பின்னர் அவ்வேலை எளிதன்று. பச்சை மண்ணைத் தொடும் கைகளுக்கே அதிகப் பொறுமையும் அதிகத் திறமையும் வேண்டும் என்பதால், அந்த இடத்தில் தேர்ந்த ஆளைத்தான் முதலாளி அமர்த்துவார்.

மனிதக் குழந்தை மண்பொம்மை அன்று. ஆறு வயதுக்குப் பின்னும் அது கற்கும். அறுபது வயதிலும் கற்கும். ஆயினும் காது கேளாத குழந்தைக்குப் பேச்சும், கைகால் இறுகிய குழந்தைக்கு நடையும், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு முகம் பார்த்துப் பழகும் பழக்கமும் மிக இலகுவாக வந்து படிவது முதல் ஆறு ஆண்டுகளில்தான். மூளை மிக வேகமாக வளரும் பருவம் அது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நம் முன்னோர் கேட்டு வைத்ததும் அதனால்தான். அந்தப் பருவத்தில், குறையுடன் பிறந்த ஒரு குழந்தைக்குப் பயிற்சி அளிக்கும் செலவை ஏற்க வேண்டியவர் யார்? பெற்றோரா, தர்மவான்களா, அரசாங்கமா? இக்கேள்வியையே இம்மாதம் உங்கள் முன் வைக்கிறோம்.

சட்டம் கண்விழிக்கும் வயது

நம் நாட்டு அரசியல் சாசனம் 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, அதன் 45-ஆவது பிரிவு பதினான்கு வயது நிறையும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி வழங்க அரசு முயல வேண்டும் என்றது. எந்த வயதிலிருந்து என்ற கீழெல்லை அதில் இல்லை. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக உயர்த்தியது, மகிழ்ச்சியே. ஆனால் அவ்வுரிமை ஆறு முதல் பதினான்கு வயதுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், அரசு முயல வேண்டும் என்னும் வழிகாட்டு நெறியாகிய 45-ஆவது பிரிவிலேயே விடப்பட்டனர். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றதே தவிர, செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்திலும் இதே கதையைக் காண்கிறோம். 1995-ஆம் ஆண்டுச் சட்டம், குறையுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பதினெட்டு வயது வரை தகுந்த சூழலில் இலவசக் கல்வி கிடைக்கச் செய்ய வேண்டும் என்றது. அங்கும் கீழெல்லை இல்லை. அதன் இடத்தில் வந்த 2016-ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் பல வகைகளில் முன்னேற்றமானது. அங்கீகரிக்கப்பட்ட குறைபாடுகளின் வகைகளை 21 ஆக விரித்தது. ஆயினும் அதன் 31-ஆவது பிரிவு, நாற்பது விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வி உரிமையை ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை என்று எழுதிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் எல்லாக் குழந்தைகளையும் பரிசோதித்துப் பார்க்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, இரண்டு வயதில் குறையைக் கண்டுபிடித்துவிடும் சட்டம், கல்வி கேட்டு வா என்று அழைப்பது ஆறு வயதில்! இடைப்பட்ட நான்கு ஆண்டுகளை அந்தத் தாய் எப்படிக் கழிப்பாள்?

இது ஏதோ ஒரு சில குடும்பங்களின் துயரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏதேனும் ஒரு குறைபாடு உடையவர்களாக நாட்டில் இருந்தனர். சிறு வயதில் வெளிப்படையாகத் தெரியாத குறைகளும், தெரிந்தும் மறைக்கப்பட்டவையும் இக்கணக்கில் வந்திருக்க முடியாது.

உமர் (ரலி) அவர்கள் மாற்றிய உத்தரவு

பச்சிளங் குழந்தையின் உரிமை எந்த நாளில் தொடங்குகிறது என்ற வினா நமக்குப் புதிதன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் பைத்துல் மாலிலிருந்து குழந்தைகளுக்கு உதவித்தொகை வழங்கப்பட்டு வந்தது. ஆனால் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே அது என்று விதி இருந்தது. ஓரிரவு, மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாக அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுடன் கலீஃபா அவர்கள் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை இடைவிடாது அழுதது. மூன்று முறை சென்று தாயிடம் விசாரித்தார்கள். வந்திருப்பவர் யாரென்று அறியாத அத்தாய், பால் மறக்கச் செய்கிறேன், குழந்தை மறுக்கிறது என்றாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டபோது, பால் மறந்த குழந்தைக்கே உமர் உதவித்தொகை தருகிறார் என்பது பதிலாக வந்தது.

அன்று காலை ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் ஓதியது அழுகையால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்று இப்னு ஸஅது அவர்களின் வரலாற்று நூல் கூறுகிறது. தொழுகை முடிந்ததும் அறிவிப்புச் செய்யப்பட்டது: பால் மறக்கச் செய்வதில் அவசரம் காட்டாதீர்கள், பிறந்த நாளிலிருந்தே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு. அவ்வுத்தரவு எல்லாப் பகுதிகளுக்கும் எழுதி அனுப்பப்பட்டது.

சிந்தித்துப் பாருங்கள். விதியில் இருந்த வயது எல்லை ஒன்று ஒரு குழந்தையை வருத்துகிறது என்று தெரிந்த மறுபொழுதே, ஆட்சியாளர் அந்த எல்லையைப் பிறப்புக்கு நகர்த்தினார். கொடையாளிகளைத் தேடி அத்தாயை அலைய விடவில்லை. பொதுநிதியையே திறந்து விட்டார். உமய்யா கலீஃபா வலீத் பின் அப்துல் மலிக் (ஹிஜ்ரி 86 - 96), குஷ்டநோயாளிகள் பிச்சையெடுக்காதிருக்க உதவித்தொகையும், நடக்க இயலாதவருக்குப் பணியாளரும், பார்வையற்றவருக்கு வழிகாட்டியும் பொதுநிதியிலிருந்து ஏற்படுத்தியதை வரலாற்றாசிரியர் தபரீ குறித்து வைத்திருக்கிறார்கள். குறையுடையோரைத் தாங்குவது அரசின் கடமை என்பது நம் வரலாற்றில் ஊறிய கொள்கை.

ஒரு தாய், நான்கு வாசல்கள்

இன்றைய நிலைக்கு வருவோம். பணமே ஒதுக்கப்படவில்லை என்று கூறினால் அது நியாயமாகாது. பணம் பல வாய்க்கால்களில் பிரிந்து வருகிறது. அவை ஒன்றோடொன்று சேர்வதில்லை என்பதே குறை.

முதல் வாசல் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. சத்துணவும் தடுப்பூசியும் பாலர் கல்வியும் தந்த இம்மையங்களில், மாற்றுத்திறன் குழந்தைகளை எப்படி அடையாளம் கண்டு சேர்த்துக்கொள்வது என்பதற்கான தேசிய வழிமுறைக் கையேடு வெளிவந்ததோ 2023 நவம்பர் 28 அன்று. திட்டம் பிறந்து 48 ஆண்டுகளுக்குப் பின்!

இரண்டாம் வாசல் சுகாதாரத் துறை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் வந்து 30 வகை நோய்களையும் குறைகளையும் பரிசோதிக்க வேண்டும். குறை தென்படும் குழந்தை, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பப்படும். குழந்தை மருத்துவர், இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலார், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அம்மையத்தின் நோக்கம்.

மூன்றாம் வாசல் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை. அடையாள அட்டை, பராமரிப்பு உதவித்தொகை, உதவிக் கருவிகள் ஆகியவற்றுடன், தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஆரம்பநிலைப் பயிற்சி மையங்களுக்கு மானியமும் இத்துறை வழங்குகிறது. உலக வங்கிக் கடனுதவியுடன் 2022-இல் ஒப்புதல் பெற்ற உரிமைகள் திட்டத்தின்கீழ், பல சேவைகளை ஓரிடத்தில் தரும் ‘விழுதுகள்’ மையங்களும் தொடங்கப்பட்டு வருகின்றன.

நான்காம் வாசல் பள்ளிக் கல்வித் துறை. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம், வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களையும் இயன்முறை மருத்துவர்களையும் வைத்திருக்கிறது. பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி அளிக்கவும் அதில் வழியுண்டு.

நான்கு வாசல்கள், நான்கு பதிவேடுகள், நான்கு அலுவலர்கள். ஒரு வாசலில் எழுதப்பட்ட பெயர் அடுத்த வாசலுக்குத் தானாகச் செல்வதில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாய்தான் செல்ல வேண்டியிருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து மாவட்டத் தலைநகர் கடலூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பொம்மைப் பட்டறையில் தினக்கூலிக்கு வேலை செய்யும் ஒரு பெண், வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கடலூருக்கு அழைத்துச் செல்வதென்றால் மாதத்தில் நான்கு நாள் கூலியை இழக்க வேண்டும். அரசுப் பேருந்தில் கட்டணச் சலுகை உண்டுதான். ஆனால் இழந்த கூலிக்குச் சலுகை இல்லை. மூன்று மாதம் சென்று, நான்காம் மாதம் நின்றுவிடுவாள். நின்றுபோனதற்கு அவளையே பொறுப்பாக்கிப் பதிவேடு மூடப்படும். இலவசம் என்று எழுதப்பட்ட சேவை ஏழைக்கு எட்டாமற் போவது இங்ஙனமே.

நிதி தேங்கும் இடங்கள்

இச்சேவையில் கட்டடம் சிறு செலவு, ஊழியரே பெருஞ்செலவு. காது கேளாத குழந்தைக்குப் பேச்சு வருவது கருவியால் மட்டும் நிகழ்வதன்று. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பல லட்சம் ரூபாய் மதிப்புள்ள காது நரம்புக் கருவியைச் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் பொருத்துகிறது, இது பாராட்டத்தக்கது. அதன்பின் நாள்தோறும் உட்கார்ந்து ஒலியைப் பழக்க ஓர் ஆசிரியர் இல்லையெனில், அக்கருவி அலமாரியில் உறங்கும். அத்தகைய ஆசிரியர்கள் பலர் தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரமின்றி உழைக்கின்றனர்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் பங்கிடுகின்றன. 2024-25 நிதியாண்டில், வேறொரு கல்வித் திட்டத்தில் மாநிலம் கையெழுத்திடாததைத் தொடர்ந்து, தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாய் விடுவிக்கப்படாமல் நின்றது. 2025-இல் மாநில அரசு உச்சநீதிமன்றத்தை நாடியது. இரு அரசுகளில் யார் பக்கம் நியாயம் என்ற வாதத்தை அரசியல் மேடைகள் பேசட்டும். அந்த நிதியின் ஒரு பகுதியை நம்பித்தான் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநர் ஊதியம் பெறுகிறார் என்பதை மட்டும் நாம் நினைவிற் கொள்வோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது அதன் வாழ்நாளில் மூன்றில் ஒரு பங்கு. வழக்கு முடியும்வரை அப்பிள்ளையின் வளர்ச்சி காத்திருக்காது.

சிறப்பாசிரியர் நியமனம் குறித்து உச்சநீதிமன்றம் 2021 அக்டோபரில் தீர்ப்பளித்தபோது, தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், உயர்தொடக்கத்தில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவை வகுத்தது. அங்கன்வாடிக்கு அப்படி ஓர் அளவு இல்லை. கேட்பாரில்லாத இடத்துக்கு நிதியும் வருவதில்லை.

அமெரிக்காவின் வரலாறு இங்கே ஒரு பாடம் கற்பிக்கிறது. நம் நாட்டில் அங்கன்வாடி தொடங்கிய அதே 1975-ஆம் ஆண்டில், அங்கே குறையுடைய எல்லாப் பிள்ளைகளுக்கும் அரசுச் செலவில் கல்வி என்ற சட்டம் இயற்றப்பட்டது. 1986-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மூன்று முதல் ஐந்து வயது மழலையருக்கு உறுதிப்படுத்தி, பிறந்த குழந்தைகளுக்கும் தனி நிதியை ஏற்படுத்தியது. வயது எல்லையைக் கீழே இறக்க அந்நாட்டாருக்குப் பதினோரு ஆண்டுகள் போதுமானதாயிற்று. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆகும் சராசரிச் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரும் என்று 1975-இல் அளித்த வாக்கு இன்றுவரை நிறைவேறவில்லை. செல்வம் கொழிக்கும் நாட்டிலும் பெற்றோர் கேட்டுக்கொண்டே இருந்தால்தான் பணம் வருகிறது என்பதை இது காட்டுகிறது.

நம் மண்ணின் முன்மாதிரிகள்

நம்மால் இயலுமா என்று ஐயுறுவோருக்குத் தமிழ்நாடே விடை தருகிறது. காது கேளாத மழலையருக்கென்றே சென்னையில் 1969-இல் பால வித்யாலயா தொடங்கப்பட்டது. இளம் பருவத்திலேயே கருவி பொருத்திப் பழக்கப்பட்ட பிள்ளைகள் அங்கிருந்து பொதுப் பள்ளிகளுக்குச் சென்றனர். அறிவுசார் குறைபாடுள்ள ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென மதுரம் நாராயணன் மையம் 1989-இல் சென்னையில் அமைந்தது. தாயையே ஆசிரியையாக்கும் பயிற்சிமுறையை அது வகுத்தது. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் பிறந்த அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற கிராமத்துப் பணியாளர்களைக் குழந்தையின் வீட்டுக்கே அனுப்பிப் பயிற்சி தருகிறது. நிபுணர் தொலைவிலிருந்து வழிகாட்ட, உள்ளூர்ப் பெண் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள்.

விருத்தாசலம் போன்ற ஊருக்குப் பொருந்தும் வழி இந்த மூன்றாவது வழியே என்பது எம் கருத்து. மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய மையத்தைக் கட்டிவிட்டுத் தாய்மாரை அழைப்பதைக் காட்டிலும், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு மூன்று களப் பணியாளருக்கு ஊதியம் தருவது சிக்கனமானது, பயனும் மிகுதி.

தாய்மார்கள் கவனிக்க

அரசிடம் கேட்பது ஒருபுறமிருக்க, நம் வீட்டில் நாம் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளை பேசவில்லை என்று இளம் தாய் கலங்கினால், ஆண்பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான், அவன் அத்தாவும் அப்படித்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் வாயடைத்துவிடுகின்றனர். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அது இரண்டு ஆண்டுகளைத் தின்றுவிடுகிறது.

நான்கைந்து மாதத்தில் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை அல்லது ஒரு சொல்லும் பேசவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்க்கவில்லை என்றால் காத்திராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கற்ற சொற்களை எந்த வயதில் மறக்கத் தொடங்கினாலும் உடனே செல்லுங்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவிப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது மருத்துவ உலகின் நெறி. ஓதிப் பாருங்கள், துஆ கேளுங்கள், மருத்துவமும் செய்யுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) அவர்களே நமக்கு ஏவியிருக்கிறார்கள்.

இரத்த உறவில் மணமுடிப்பது பற்றியும் ஒரு சொல். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கும் மேலானோர் உறவுக்குள் மணந்தவர்கள். எல்லாச் சமயத்தாரிடமும் இவ்வழக்கம் உண்டு. மார்க்கம் இதை அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் முன்பே காது கேளாமையோ வேறு பிறவிக் குறையோ இருப்பின், நிக்காஹ் பேசுமுன் மருத்துவ ஆலோசனை பெறுவது அறிவுடைமை. அதே வேளையில், குறையுடன் பிறந்த பிள்ளைக்காக மருமகளைப் பழிப்பது அக்கிரமம்.

ஜமாஅத்துகளின் பொறுப்பு

விருத்தாசலம், மங்கலம்பேட்டை, நெல்லிக்குப்பம், பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என நம் மாவட்டத்தில் ஜமாஅத்துகள் பல உள்ளன. திருமணப் பதிவேடும் ஜகாத் பட்டியலும் வைத்திருக்கும் நம் பள்ளிவாசல்கள், மஹல்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட எத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி தேவை என்ற பட்டியலையும் வைத்துக்கொள்ளலாம். பெயர்களை வெளியிட வேண்டியதில்லை. இமாமும் முத்தவல்லியும் அறிந்தால் போதும்.

அப்பட்டியலுடன் மூன்று காரியங்கள் செய்யலாம். முதலாவதாக, அடையாள அட்டை பெறாத குடும்பத்துக்கு, படித்த இளைஞர் ஒருவரைத் துணையாக அனுப்புங்கள். அட்டை இருந்தால்தான் உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் கிடைக்கும். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவற்றுக்கு, தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் உண்டு. இரண்டாவதாக, ஜகாத் நிதியைப் பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டுமின்றி, ஏழைத் தாய் இழக்கும் கூலிக்கு ஈடாகவும் வழங்க முடியுமா என்று உலமாக்களிடம் கேட்டுச் செயற்படுங்கள். மூன்றாவதாக, திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் எல்லாச் சமூகத்துப் பெற்றோருடனும் சேர்ந்து மனுக் கொடுங்கள். வட்டாரத்துக்கு ஒரு பேச்சுப் பயிற்சியாளர், அங்கன்வாடிக்கு வந்து செல்லும் ஒரு சிறப்புக் கல்வியாளர் என்று குறிப்பாகக் கேளுங்கள். காது கேளாத குழந்தைக்குச் சாதி மதம் இல்லை, அக்கோரிக்கைக்கும் இருக்கலாகாது.

ஜகாத்தும் ஸதகாவும் அரசின் கடமைக்கு மாற்றாகிவிடக் கூடாது. நாம் கொடுக்கும்வரை கொடுக்கட்டும் என்று அரசு ஒதுங்கிக்கொள்ளும். உடனடித் தேவையைத் தர்மம் தீர்க்கட்டும். நிரந்தர உரிமையைச் சட்டம் தரட்டும். சட்டத்தில் உள்ள ஆறு வயது எல்லை, பிறந்த நாளுக்கு இறக்கப்பட வேண்டும். அதற்குரிய நிதி தனித் தலைப்பில் ஒதுக்கப்பட வேண்டும். நம் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்குக் கேட்டு வரும்போது இதை நாம் கேட்க வேண்டும்.

பார்வையற்ற ஸஹாபி அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு அல்லாஹ் தன் திருத்தூதருக்கே ‘அபஸ’ அத்தியாயத்தில் அறிவுரை இறக்கினான். பின்னர் அதே ஸஹாபி மதீனாவின் முஅத்தினாக விளங்கினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் பயணம் சென்ற காலங்களில் மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பையும் ஏற்றார்கள். குறையுடையவர் என்று ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த இனிய பாங்கோசையை மதீனா கேட்டிருக்காது.

நம் தெருவில் இன்று பேசாதிருக்கும் பிள்ளையிடமும் அல்லாஹ் எதையோ வைத்திருக்கிறான். அப்பிள்ளை நம் எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை உரிய பருவத்தில் பேணும் தவ்ஃபீக்கை நமக்கும், நம்மை ஆள்வோருக்கும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.